குடலுறிஞ்சி எப்படித்தான் உறிஞ்சுகிறது? கொழுப்புக்கு மட்டும் ஏன் தனி வழி?

கேள்வி

செரிமானப் பாடம் படித்துக்கொண்டிருக்கிறேன். எந்த நொதி எதை உடைக்கிறது என்று பக்கம் பக்கமாக இருக்கிறது, ஆனால் உடைந்ததெல்லாம் ரத்தத்துக்குப் போகும் கட்டம் வந்ததும் 'குடலுறிஞ்சிகள் (சிறுகுடலின் உட்சுவரில் விரல் போல நீட்டியிருக்கும் நுண் முளைகள்) உட்கிரகிக்கின்றன' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். சும்மா ஊறி இறங்குகிறதா? அப்படியானால், குடலில் குளுக்கோஸ் குறைந்து ரத்தத்தில் அதிகமாக இருக்கும் நேரத்தில் அது திரும்பக் குடலுக்குள்ளேயே கசிய வேண்டுமே? அப்புறம், கொழுப்பு மட்டும் நிணநீர் (திசுக்களிலிருந்து வடிந்து தனிக் குழல்களில் ஓடும் திரவம்) வழியாகப் போகிறதாம். ஏன்?

பதில் 1

நல்ல கேள்வி, அந்த ஒரு வரிக்குள்தான் முக்கியமான விஷயமே இருக்கிறது. ஊறி இறங்குவதில்லை. குடலுறிஞ்சியின் மேல் ஒரே அடுக்குச் செல்கள்தான், ஆனால் அவை ஒன்றோடொன்று இறுக ஒட்டியிருக்கும். அதனால் குளுக்கோஸ் செல்லுக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியேறித்தான் ரத்தத்தை எட்ட முடியும்.

நுழையும் பக்கத்தில் எஸ்ஜிஎல்டி1 என்று ஒரு கடத்திப் புரதம் இருக்கிறது. இரண்டு சோடியம் அயனிகள் கூட வந்தால்தான் அது ஒரு குளுக்கோஸை உள்ளே கொண்டுபோகும். சோடியம் ஏன் உள்ளே பாய வேண்டும் என்றால், செல்லின் மறுபக்கத்தில் ஒரு பம்ப் ஓயாமல் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறது. அதனால் செல்லுக்குள் சோடியம் எப்போதும் குறைவு. ஏடிபி, அதாவது செல்லின் ஆற்றல் மூலக்கூறு, செலவாவது அந்தப் பம்பில்தான், குளுக்கோஸ் அந்தச் சோடியத்தின் வேகத்தில் தொற்றிக்கொண்டு வந்துவிடுகிறது. குடலில் குளுக்கோஸ் குறைவாக இருந்தாலும் உள்ளே வருவது இதனால்தான், நீங்கள் கேட்ட திரும்பக் கசியும் பிரச்சினை பெரிதாக வராததும் இதனால்தான். செல்லுக்குள் சேர்ந்தது ஜிஎல்யூடி2 என்ற வேறொரு புரதம் வழியாக ரத்தப் பக்கம் இறங்கும்.

சோடியத்தோடு சேர்ந்தே குளுக்கோஸ் போகிறது என்ற கருத்தை ராபர்ட் கிரேன் என்ற உயிர்வேதியியலாளர் 1960-ல் பிராக் நகரத்துக் கூட்டம் ஒன்றில் முன்வைத்தார். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓஆர்எஸ் கரைசல் வேலை செய்வது இந்த இணைப்பால்தான். ஒரு லிட்டரில் குளுக்கோஸ் 13.5 கிராம், சாதாரண உப்பு 2.6 கிராம், கூடவே பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும். காலராவில் குடல் நீரை வெளியே கொட்டிக்கொண்டிருக்கும்போதுகூட இந்தக் கடத்தி பழுதாவதில்லை, குளுக்கோஸும் சோடியமும் உள்ளே போனால் தண்ணீரும் பின்னாலேயே போகும். எத்தனையோ குழந்தைகளின் உயிரைக் காப்பாற்றிய விஷயம் இது, பாடத்தில் ஒரு பத்தியாவது கொடுத்திருக்கலாம்.

பதில் 2

கொழுப்பைப் பற்றி நான் சொல்கிறேன். கொழுப்பு உடைந்து வரும் கொழுப்பமிலங்களும் மோனோகிளிசரைடும் நீரில் கரையாது, அதனால் பித்த உப்புகள் அவற்றைச் சுற்றிக்கொண்டு மைசெல் என்ற மிக நுண்ணிய துகள்களாக்கிச் செல்லின் ஓரம்வரை கொண்டுவந்து விடுகின்றன. உள்ளே போனதும் செல் செய்யும் வேலை விசித்திரமாகத் தோன்றும்: இவ்வளவு பாடுபட்டு உடைத்ததைத் திரும்ப டிரைகிளிசரைடாக, அதாவது முழுக் கொழுப்பாகச் சேர்த்து, புரதமும் கொலஸ்டிராலும் சேர்த்துப் பொதிந்து, கைலோமைக்ரானாக வெளியே அனுப்புகிறது. இந்தத் துகள் ரத்த நுண்குழாய்ச் சுவரைத் தாண்ட முடியாத அளவுக்குப் பெரியது. குடலுறிஞ்சியின் நடுவில் இருக்கும் நிணநீர்க் குழல்களில் செல்களுக்கு இடையிலான இணைப்பு தளர்வானது, அதனால் அதற்குள் போய்விடும். அங்கிருந்து மார்பு நிணநீர் நாளம் வழியாக இடது கழுத்துப் பக்கம் இருக்கும் பெரிய சிரையில் போய்ச் சேரும். குளுக்கோஸும் அமினோ அமிலங்களும் நேராகக் கல்லீரலுக்குப் போகும், இந்தக் கொழுப்போ முதலில் கல்லீரலைத் தொடாமலேயே ரத்தத்தில் கலந்துவிடும். சின்னச் சங்கிலிக் கொழுப்பமிலங்களுக்கு இந்தச் சுற்று தேவையில்லை, அவை நேராக ரத்தத்துக்கே போய்விடும்.

1622-ல் இத்தாலியில் காஸ்பரோ அசெல்லி என்ற மருத்துவர், சற்று முன் நன்றாகத் தின்றிருந்த ஒரு நாயின் வயிற்றைத் திறந்தபோது குடலைத் தாங்கும் சவ்வில் வெள்ளை வெள்ளையாக இழைகள் தெரிந்தன. முதலில் நரம்பு என்றுதான் நினைத்தார், ஒன்றை வெட்டியதும் பால் போலத் திரவம் வெளியே வந்தது. அவை நிணநீர்க் குழல்கள்தான், அந்த வெண்மை முழுக்கக் கொழுப்பு.

கேட்டவர்

அருமை, இப்போதுதான் பிடிபடுகிறது. புரதம் முழுக்க அமினோ அமிலமாக உடைந்த பிறகுதான் போகுமா? சிறுகுடலை விரித்தால் டென்னிஸ் மைதானம் அளவு வரும் என்கிறார்களே, அது சரியா?

பதில் 3

புரதத்துக்கு அப்படிக் கட்டாயம் இல்லை. இரண்டு மூன்று அமினோ அமிலங்கள் கோத்திருக்கும் துண்டுகளை பெப்டி1 என்ற கடத்தி அப்படியே உள்ளே எடுத்துக்கொள்ளும், இங்கே சோடியத்துக்குப் பதில் ஹைட்ரஜன் அயனி. மிச்ச உடைப்பு பெரும்பாலும் செல்லுக்குள் நடக்கும்.

டென்னிஸ் மைதானக் கணக்கு பழையது. 2014-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் மறுபடி அளந்து பார்த்ததில் சிறுகுடல் ஏறக்குறைய 30 சதுர மீட்டர்தான் வந்தது. தேர்வில் பழைய எண்ணைக் கேட்டால் எழுதிவிடுங்கள், ஆனால் தெரிந்துவைத்திருங்கள்.

இன்னொன்று, சிறுகுடல் முழுக்க ஒரே வேலை செய்வதில்லை. இரும்பு பெரும்பாலும் ஆரம்பப் பகுதியில், வைட்டமின் பி12-ம் பித்த உப்பும் கடைசிப் பகுதியில். அந்தக் கடைசிப் பகுதியை அறுவை சிகிச்சையில் அதிகமாக எடுத்துவிட்டால் மற்ற சத்துகள் ஓரளவு சமாளித்துக்கொள்ளும், பி12-ஐ மட்டும் பெரும்பாலும் ஊசியாகவோ அதிக அளவு மாத்திரையாகவோ வாழ்நாள் முழுக்கக் கொடுக்க வேண்டியிருக்கும்.