மேய்க்கால் யாருக்கு: பங்காளிக்கா, மாடு வைத்திருப்பவருக்கா?

கேட்பவர்: நாலு மாட்டுக்காரி, மணலி புதுநகர் பக்கம்

வணக்கம். எங்கள் ஊர் 2011-இல் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது. அதற்கு முன்னால் கிராம ஊராட்சி. ஊருக்கு வடக்கே மேட்டில் மேய்க்கால் புறம்போக்கு இருக்கிறது. அருகும் கோரையும் முளைத்துக் கிடக்கும், ஓரமெல்லாம் சீமைக்கருவேலம். என்னிடம் இரண்டு கறவை, ஒரு சினைமாடு, ஒரு கிடேரி. நான்கும் அங்கேதான் மேயும்.

போன மாதம் சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டுவிட்டார்கள். யார் போட்டது என்று ஒரு அலுவலகத்தில் கேட்டால் இன்னொன்றுக்குப் போகச் சொல்கிறார்கள். மறுநாளே சினைமாடு பழக்கத்தில் தலையை உள்ளே நுழைத்து, தாடைக்குக் கீழே நாலு விரல் நீளத்துக்குக் கிழித்துக்கொண்டது. மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் போட்டு, ஈ மொய்க்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இதற்கு நடுவில் வீட்டுக்குள்ளேயே சண்டை. மாமனாரின் டிரங்குப் பெட்டியில் ஒரு பழைய தாள் இருக்கிறது. ஊரில் ஏழு பங்கு, அந்த ஏழு பங்குக்காரர் மாடு மட்டும் மேட்டில் மேயலாம் என்று எழுதியிருக்கிறது. அதில் ஐந்து வீட்டில் இன்று ஒரு கன்றுக்குட்டி கூட இல்லை. அம்பத்தூரிலும் ஆவடியிலும் குடியிருக்கிறார்கள். "பரம்பரை உரிமை எங்களுடையது, நிலம் போனால் இழப்பீடும் எங்களுக்கு" என்கிறார்கள். நான் வாழ வந்தவள், எனக்கு அதில் பேச்சே கிடையாதாம். பின்னால் காலனியில் பதினோரு மாடு இருக்கிறது. அவர்கள் பெயர் அந்தத் தாளில் எந்தக் காலத்திலும் இல்லை.

அடுத்த ஏரியா சபையில், அதாவது எங்கள் வார்டு மக்கள் கூட்டத்தில், எழுந்து பேசப் போகிறேன். சட்டத்தை மாற்றச் சொல்வதென்றால் என்னவென்று கேட்பது?

பதில்: ஓய்வுபெற்ற வி.ஏ.ஓ., பொன்னேரி

அம்மா, தாளைப் பத்திரமாக வையுங்கள். ஆனால் அதைக் காட்டி யாரும் இழப்பீடு வாங்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. அது மிராசு காலத்து வழக்கம், அதாவது ஊர் நிலத்தைப் பரம்பரைப் பங்காக வைத்திருந்த காலத்தது. செங்கல்பட்டுச் சீமையில் மிராசுதாரர்கள் ஊர்த் தரிசையும் தங்கள் பங்கோடு சேர்த்தே பேசினார்கள். சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ் 1818-இல் இதைப் பற்றித் தனியாகவே எழுதியிருக்கிறார். 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம் புறம்போக்கை அரசு சொத்து என்று சொல்லிவிட்டது. ஆனால் அதே 2-ஆம் பிரிவில், பொதுமக்களின் உரிமைகளுக்கு உட்பட்டே என்றும் இருக்கிறது. உங்களுக்குப் பிடி அங்கேதான்.

அடுத்தவர் நிலத்தைப் பயன்படுத்தும் உரிமை பற்றிய 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தையும் படிக்கச் சொல்லுங்கள். 18-ஆம் பிரிவுக்குக் கொடுத்த முதல் உதாரணமே மேய்ச்சல்தான். ஊர் வழக்கப்படி பயிர் செய்கிற ஒவ்வொருவரும் பொது மேய்ச்சலில் மாடு விடலாம், தரிசைப் புதிதாக உழுதவருக்கும் அந்த உரிமை வந்துவிடும். வம்சம் கேட்கவில்லை பாருங்கள்.

சிக்கல் வேறு இடத்தில். ஊராட்சியாக இருந்தவரை, 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம் 134-ஆம் பிரிவுப்படி மேய்க்காலை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் ஊராட்சிக்கு இருந்தது. மாநகராட்சியில் சேர்ந்ததும் அது போயிற்று, கிராம சபையும் போயிற்று. முதலில், எந்த சர்வே எண் என்ன வகை நிலம் என்று சொல்லும் பழைய அ-பதிவேட்டின் நகலையும் இப்போதைய நகர நில அளவைப் பதிவேட்டின் நகலையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 'மேய்க்கால்' என்ற சொல் இரண்டிலும் இருக்கிறதா, நடுவில் வெறும் 'சர்க்கார் புறம்போக்கு' ஆகிவிட்டதா என்று பாருங்கள்.

என் அப்பா பரம்பரைக் கர்ணம், ஊர்க் கணக்குப்பிள்ளை. 1980 நவம்பரில் அந்தப் பதவிகளை ஒழித்தார்கள், எங்கள் வீட்டில் இரண்டு நாள் அடுப்பு எரியவில்லை. ஆனால் அடங்கல், சிட்டா என்ற நிலக் கணக்குகள் எங்கும் போகவில்லை. பிறகு தேர்வு எழுதி நானே அதே கணக்கைப் பார்த்தேன். மேய்க்காலுக்கும் அதைத்தான் கேட்க வேண்டும். வாரிசு முறை போகட்டும், நிலம் பதிவேட்டில் நிற்கட்டும்.

பதில்: வியாசர்பாடி பையன்

அக்கா, 'பழைய உரிமையைக் காப்பாற்று' என்று மட்டும் மனுவில் எழுதிவிடாதீர்கள். எங்கள் ஆயா பொன்னேரிப் பக்கம் பண்ணையில் அடுத்தவர் மாட்டை மேய்த்தவர். சொந்தமாக ஒரு ஆடு வாங்கிக் கட்டியபோது, அதே மேட்டில் விடக்கூடாது என்று விரட்டினார்கள். செங்கல்பட்டுக் கலெக்டர் டிரெமன்ஹீர் 1891-இல் எழுதிய அறிக்கையில் இந்தக் கதைதான் இருக்கிறது. காலி நிலம் கிடந்தும் சேரி மக்களுக்குக் கிடைக்காமல் மிராசுதாரர் தடுத்தார்கள். அதற்கு அப்புறம்தான் சேரி மக்களுக்கென்றே ஒதுக்கிய பஞ்சமி நிலம் வந்தது. பயிர் செய்பவருக்கு உரிமை என்று ஐயா சொல்லும் சட்டமும் நிலமில்லாதவரை வெளியேதான் நிறுத்துகிறது. மாடு யாரிடம் இருக்கிறதோ அவருக்கு என்று எழுதுங்கள். காலனியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

பதில்: எண்ணூர்க்காரர்

ஜக்பால் சிங் வழக்கில் 2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் மனுவில் சேருங்கள். பஞ்சாபில் ஒரு ஊர்க் குளத்தை மேடாக்கி வீடு கட்டிய வழக்கு அது. ஊர்ப் பொது நிலத்தில் இருக்கும் ஆக்கிரமிப்பை அகற்றி ஊருக்கே திருப்பித் தர எல்லா மாநிலங்களும் திட்டம் போட வேண்டும் என்று உத்தரவு.

கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. தம்பி, நீ சொன்னது உறுத்தியது. நேற்று சாயங்காலம் பால் ஊற்றிவிட்டுக் காலனிக்குப் போனேன். இத்தனை வருடத்தில் மாட்டுக்காக நான் அங்கே போய் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. ஒரு நோட்டில் வீட்டுக்கு எத்தனை மாடு என்று எழுதினோம். அவர்கள் பதினொன்று, என்னுடையது நாலு, இன்னொரு பங்காளி வீட்டில் மூன்று. மொத்தம் பதினெட்டு. கையெழுத்துப் போட்டதில் பாதிக்கு மேல் பெண்கள்.

மனுவில் மூன்று வரிதான். பதிவேட்டில் 'மேய்க்கால்' என்றே இருக்க வேண்டும். மேய்க்கும் உரிமை மாடு வைத்திருப்பவருக்கு, மாட்டை விற்றால் உரிமையும் போகும். வருடா வருடம் ஏரியா சபையில் பெயரைப் படிக்க வேண்டும். கொழுந்தனார் நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை.

ஐயா, தகவல் உரிமை மனுவில் பத்து ரூபாய் வில்லை ஒட்டி வைத்திருக்கிறேன். பழைய அ-பதிவேடு என்று மட்டும் எழுதினால் போதுமா, எந்த வருடத்தது என்று கேட்பார்களா? சொன்னால் திங்கட்கிழமையே அனுப்பிவிடுவேன்.