கூரையிலிருந்து நாயும் பூனையும் விழுந்த கதையை வகுப்பில் சொல்லலாமா?

கரும்பலகை:
எட்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். பாடத்தில் 'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' வந்தது; பூனையும் நாயுமாகப் பொழிகிறது, அதாவது கனமழை என்று பொருள். வழக்கமான கதையைச் சொன்னேன்: அந்தக் கால இங்கிலாந்தில் கூரை வீடுகள், குளிருக்கு நாயும் பூனையும் கூரைமேல் படுத்திருக்கும், கனமழை வந்தால் வழுக்கிக் கீழே விழும். கடைசி பெஞ்சு வரை பிடித்துக்கொண்டது. மறுநாள் ஒரு பெற்றோர் 'இது கட்டுக்கதை' என்று பிள்ளையின் நோட்டில் எழுதி அனுப்பியிருக்கிறார். சொன்னதில் என்ன கெட்டுப்போயிற்று?

தாழ்வாரம்:
அவர் சொன்னது சரிதான் டீச்சர். 1999 வாக்கில் மின்னஞ்சலில் சுற்றிய ஒரு ஃபார்வர்டு பரப்பிய கதை அது. நான் கூரை வீட்டில் வளர்ந்தவன். எங்கள் பூனை மேலே ஏறி வெயில் காயும்; முதல் தூறலிலேயே இறங்கி வந்து அடுப்புச் சாம்பலில் சுருண்டுவிடும். கூரை ஏறிக் கோழி பிடிப்பதே பெரும்பாடு, இதில் நாய் ஏறிப் படுக்குமா?

கரும்பலகை:
சரி, கூரை வேண்டாம். லண்டன் மழையைப் பற்றி ஆங்கில எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட் 1710இல் எழுதிய கவிதையில் செத்த பூனையும் மூழ்கிய நாய்க்குட்டியும் வெள்ளத்தில் அடித்துக்கொண்டு வருகின்றனவே? அதிலிருந்து வந்தது என்று சொன்னால்?

தாழ்வாரம்:
காட்சி பொருந்துகிறது, கணக்கு உதைக்கிறது. 1653இல் அச்சான ரிச்சர்ட் புரோமின் நாடகத்திலேயே நாயும், கீரி மாதிரியான போல்கேட் என்ற பிராணியும் மழையாகப் பொழிகின்றன. ஸ்விஃப்ட் பிறந்ததே 1667இல். அவரே 1738இல், பெரிய இடத்து அரட்டையில் அடிபடும் தேய்ந்த பேச்சுகளைக் கேலி செய்த நூலில் இந்தத் தொடரையும் சேர்த்திருக்கிறார். அன்றைக்கே புளித்த மாவு!

மான்செஸ்டர்வாசி:
குறுக்கே வருகிறேன். இங்கே 12 வருடமாக நனைகிறேன். ஒருவர் வாயிலும் இதைக் கேட்டதில்லை. மழை கொட்டினால் பஸ் ஸ்டாப்பில் 'சக்கிங் இட் டவுன்' என்பார்கள், இல்லாவிட்டால் 'பக்கெட்டிங் டவுன்'. வந்த புதிதில் ஆபீசில் நான் பூனை, நாய் என்று ஆரம்பித்தேன். பக்கத்து சீட்டுக்காரர், "எந்தப் பாட்டியிடம் இங்கிலீஷ் படித்தாய்?" என்றார்.

கரும்பலகை:
பரீட்சையில் பக்கெட் வராது தம்பி, பூனைதான் வரும். தாழ்வாரம் சார், 'எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியாது' என்றால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். கதை இல்லாமல் எப்படி மண்டையில் ஏற்றுவது?

தாழ்வாரம்:
காரணம் தெரிந்த தொடரை எடுங்களேன். 'பிளாக் ஷீப்' இருக்கிறது. கறுப்பு ரோமத்தில் வேறு சாயம் ஏறாது, விலையும் குறைவு; மந்தையில் அது வேண்டாத ஆடு. ஆங்கிலத்தில் குடும்பத்தின் பெயரைக் கெடுத்த பிள்ளைக்குச் சொல்வார்கள். நம் செய்தித்தாள்களில் 'கறுப்பு ஆடு' என்றால் கூடவே இருந்து குழி பறிப்பவன். இந்த வித்தியாசத்துக்கே ஒரு பீரியட் போய்விடும். அப்புறம் 'கியூரியாசிட்டி கில்டு த கேட்', அதாவது ஆர்வம் பூனையைக் கொன்றது. 1598இல் அரங்கேறிய பென் ஜான்சன் நாடகத்தில் பூனையைக் கொல்வது கவலை, ஆர்வம் அல்ல. நடுவில் கொலையாளி மாறிவிட்டான். பிள்ளைகளையே துப்பறியச் சொல்லுங்கள்.

கரும்பலகை:
ஆடு நன்றாக இருக்கிறது, திங்கட்கிழமை எடுக்கிறேன். ஆனால் கூரையை விடமாட்டேன். 'இப்படி ஒரு கட்டுக்கதை உண்டு' என்று முன்னால் ஒரு வரி சேர்த்துக்கொள்கிறேன், போதுமா?

தாழ்வாரம்:
அடுத்த வருடம் அதே பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள் டீச்சர். நாய் விழுந்தது ஞாபகம் இருக்கும், அந்த ஒரு வரி இருக்காது.