தரையில் கிடந்த ரோகு குஞ்சு: எண்ணுவதா, விடுவதா?

ஓசூர்க்காரி:
கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவதைப் பார்த்துத்தான் எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டுக்கு சோப்புச் சரக்கை எடுத்தேன், எவ்வளவு கலந்தால் மீன் சாகும் என்று பார்க்க. லிட்டருக்கு 1, 2, 4, 8, 16 மில்லிகிராம். தொட்டிக்கு 10 ரோகு குஞ்சு. 96 மணி நேரம். செத்தவை 0, 0, 3, 10, 10. கண்ட்ரோலில், அதாவது சரக்கு கலக்காத தொட்டியில், ஒன்றும் சாகவில்லை. சாவு விகிதத்துக்குக் கோடு பொருத்தும் பிராபிட் முறையில் போட்டால் விடையே வரவில்லை. சில செத்து சில பிழைத்த தொட்டி ஒன்றுதான், கோட்டின் சரிவைப் பிடிக்க அதற்கு இன்னொன்று வேண்டும். கோடே கேட்காத ஸ்பியர்மன்-கார்பர் முறை அலட்டிக்கொள்ளாமல் எல்.சி.50, அதாவது பாதி மீன் சாகும் அளவு, 4.6 என்று கொடுத்தது.

ஆனால் மூன்றாம் நாள் விடிகாலையில் 2 மில்லிகிராம் தொட்டிக்குக் கீழே, சிமெண்ட் தரையில் ஒரு குஞ்சு காய்ந்து ஒட்டிக் கிடந்தது. வலை ஓரமாக விலகியிருந்தது. சும்மா துள்ளியதா, சரக்கு தாங்காமல் குதித்ததா? அதையும் செத்த கணக்கில் சேர்த்தால் 0, 1, 3, 10, 10. பிராபிட் உடனே 4.2 என்றது. ஸ்பியர்மன்-கார்பரும் 4.3-க்கு இறங்கியது. "சேர்த்துக்கோம்மா, பிராபிட் இல்லாம யார் ஒத்துப்பாங்க" என்றார் கைடு.

சிப்காட் ஷிப்ட்:
மீனே வேண்டாமே! எக்கோசார், டெஸ்ட் இரண்டும் விஷத்தன்மையைக் கணிக்கும் மென்பொருள்கள், அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை இலவசமாகத் தருபவை, மூலக்கூறு அமைப்பைக் கொடுத்தால் போதும். பழைய கம்பெனியில் ஒரு கரைப்பானுக்கு இரண்டையும் ஓட்டினேன். ஒன்று தந்த எல்.சி.50 மற்றது தந்ததைப் போல 8 மடங்கு. மேலாளர் சிவப்புப் பேனாவை எடுத்துப் பெரிய எண்ணைச் சுற்றி வட்டம் போட்டார். பெரிய எண் என்றால் விஷம் குறைவு. அந்த வட்டம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

பாரூர் ஏரிக்கரை:
ஷிப்ட் சார், அவர் எடுத்தது உப்பு வடிவச் சரக்கு. டெஸ்ட் உப்புகளை எடுக்காது. எக்கோசாரில் சோப்புச் சரக்குக்குத் தனி வகுப்பு உண்டு, ஆனால் கார்பன் சங்கிலி நீளம் தெரிய வேண்டும். கடைத்தூளில் அது யாருக்குத் தெரியும்?

என் கதை சின்னது: குழாய்த் தண்ணீரின் குளோரினில் கண்ட்ரோல் மீனே 4 செத்தது, எல்லாவற்றையும் கொட்டினேன். தங்கச்சிக்கு ஒன்று. கண்ட்ரோலில் 10 சதவீதத்துக்கு மேல் செத்தால் ஓஈசிடி 203 என்ற மீன் சோதனை நெறிமுறைப்படி சோதனையே செல்லாது. கண்ட்ரோல் சாவைக் கணக்கில் கழிக்கும் ஆப்பட் திருத்தம் போட்டுச் சமாளிக்கலாம் என்பார்கள், நம்பாதீர்கள். முதலில் ஓர் ஒத்திகை. அப்புறம் 2-க்கும் 8-க்கும் நடுவில் 1.5 மடங்கு இடைவெளியில் தொட்டிகளை நெருக்கி வையுங்கள், பிராபிட் தானாக வழிக்கு வரும். எந்த முறை என்றாலும் நம்பக எல்லையோடு, அதாவது உண்மை எண் இருக்கக்கூடிய வரம்போடு, எழுதுங்கள், வெறும் 4.2-க்கு அர்த்தமில்லை. வலை மேல் கல் வையுங்கள்.

ஓசூர்க்காரி:
அண்ணா, வைவா முடிந்து 3 வருடம். கல் வைக்க வேண்டும் என்று அன்று விடிகாலையே தெரிந்துவிட்டது. தீசிஸில் 4.2 தான் இருக்கிறது. அந்த 1-க்கு ஓர் அடிக்குறிப்பு போட நினைத்தேன். போடவில்லை.