ஜிக்கிலிருந்து 3.3 வோல்ட் கொடுத்தால் பக் ஐசி எரிகிறது: உதவி தேவை

கேள்வி

வணக்கம். பம்பு மோட்டாருக்கான கட்டுப்பாட்டு போர்டு ஒன்றைச் சிறிய அளவில் தயாரிக்கிறோம். 12 வோல்ட்டை ஒரு சிங்க்ரனஸ் பக் கன்வெர்ட்டர் (மேலும் கீழுமாக இரண்டு மாஸ்ஃபெட் ஸ்விட்சுகளால் மின்னழுத்தத்தைக் குறைக்கும் சுற்று) 3.3 வோல்ட்டாகக் குறைக்கிறது. மென்பொருள் ஏற்றும் ஜிக்கில் (போர்டைப் பொருத்தி இணைப்புக் கொடுக்கும் சாதனம்) மட்டும், போகோ பின் (ஸ்பிரிங் வைத்த தொடுமுனை) வழியாக 3.3 வோல்ட்டை நேரே கன்வெர்ட்டரின் வெளியீட்டில் கொடுக்கிறோம். நாற்பது போர்டுகளில் இரண்டின் பக் ஐசி ஷார்ட்டாகிவிட்டது. மற்றவற்றில், எதையும் இணைக்காத 12 வோல்ட் கோட்டில் 2.7 வோல்ட் தெரிகிறது. இது எங்கிருந்து வருகிறது?

மறுமொழி 1

அந்த 2.7 வோல்ட்டைக் கண்டு பயப்பட வேண்டாம். ஐசிக்குள் இருக்கும் மேல் மாஸ்ஃபெட்டின் பாடி டையோடு (மாஸ்ஃபெட்டுக்குள்ளேயே இயல்பாக அமைந்த டையோடு), இண்டக்டர் வழியாக வரும் 3.3 வோல்ட்டை உள்ளீட்டுப் பக்கம் கசிய விடுகிறது. அதில் 0.6 வோல்ட் குறையும். அவ்வளவு குறைந்த அழுத்தத்தில் ஐசி விழிப்பதில்லை. உள்ளீட்டைத் தரையோடு சேர்த்துவிடாதீர்கள், அது போதும்.

இரண்டு ஐசி செத்ததற்குக் காரணம் வேறு. அப்போது 12 வோல்ட் அடாப்டரும் இணைப்பில் இருந்ததா? ஜிக்கின் சப்ளை சரியாக எத்தனை வோல்ட்? உள்ளீட்டில் தொடராக டையோடு இருக்கிறதா?

கேட்டவர்

சொல்லவே வெட்கமாக இருக்கிறது. புதிதாகச் சேர்ந்த பையன் அடாப்டரைக் கழற்ற மறந்திருக்கிறான். வயரில் குறையும் என்று ஜிக்கை 3.4 வோல்ட்டில் வைத்திருந்தேன். தலைகீழ் இணைப்புப் பாதுகாப்புக்கு ஷாட்கி டையோடும் உண்டு. ஐசியின் உச்ச வரம்பு 18 வோல்ட்.

மறுமொழி 1

பையனைத் திட்டாதீர்கள், குற்றம் ஜிக்கில்தான். வெளியீடு 3.3-ஐத் தாண்டியதும் ஐசி அதைக் கீழே இழுக்கப் பார்க்கிறது. எப்போதும் பி.டபிள்யூ.எம். முறையிலேயே (சுமை இல்லாவிட்டாலும் இரண்டு ஸ்விட்சுகளையும் விடாமல் மாற்றி மாற்றிப் போடும் முறை) ஓடும் ஐசி என்றால், பக் தலைகீழாகி பூஸ்ட் கன்வெர்ட்டராக, அதாவது மின்னழுத்தத்தை உயர்த்தும் சுற்றாக ஓடும். ஜிக்கின் மின்சாரத்தை 12 வோல்ட் பக்கம் இறைக்கும். ஷாட்கி டையோடு அதை அடாப்டருக்குள் போகவிடாது, அதனால் உள்ளீட்டு மின்தேக்கியிலேயே சேர்ந்து அழுத்தம் ஏறும். உள்ளீட்டு மின்தேக்கி 22 மைக்ரோஃபாரட் என்றால், 12-இலிருந்து 18 வோல்ட்டுக்கு ஏற 2 மில்லிஜூல் போதும். ஜிக் சப்ளையை 100 மில்லிஆம்பியருக்குக் கட்டுப்படுத்தினாலும் தப்பாது. சில மில்லிநொடியில் வரம்பைத் தொட்டுவிடும்.

மறுமொழி 2

எதற்கு இந்தச் சிரமம்? பேசாமல் 12 வோல்ட்டையே கொடுங்களேன்.

கேட்டவர்

மென்பொருள் ஏறாத மைக்ரோகன்ட்ரோலரின் முனைகள் மிதப்பதால் ரிலே படபடவென்று அடித்துக்கொள்கிறது. அதனால்தான் 12-ஐத் தவிர்த்தேன்.

மறுமொழி 2

அந்த ரிலே டிரான்சிஸ்டரின் பேஸுக்கும் தரைக்கும் இடையே 10 கிலோஓம் போட வேண்டும். ஜிக்குக்காக இல்லாவிட்டாலும் போட வேண்டும். வயலில் பம்பு தானாக ஓடினால் யார் பதில் சொல்வது?

மறுமொழி 1

அதை நானும் ஆமோதிக்கிறேன். ஏற்கெனவே செய்த போர்டுகளுக்கு: ஐசியின் எனேபிள் முனையை (ஐசியை இயக்கவும் அணைக்கவும் உள்ள முனை) தரையோடு சேர்க்கும் போகோ பின் ஒன்றை, மற்றவற்றைவிடச் சற்று நீளமாகப் போடுங்கள். 3.3 வோல்ட் தொடும் முன்பே ஐசி அணைந்திருக்கும். அடாப்டர் இருந்தாலும் இறைக்காது. வெளியீட்டில் சுழிய ஓம் ஜம்பர் வைத்துப் பிரிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். சோதனைக்குப் பிறகு அதைப் பற்றவைக்க வேண்டியிருப்பதால் எனக்கு அதில் விருப்பமில்லை.

கேட்டவர்

நீளப் பின் போட்டாயிற்று. அடாப்டரை வேண்டுமென்றே இணைத்துப் பார்த்தேன். டையோடுக்குப் பின்னால் 11.7 வோல்ட், அசையவே இல்லை. 10 கிலோஓம் அடுத்த பதிப்பில் வருகிறது.