ஆறு அரைப்பேர்

குழு: நம்ம சொந்தங்கள்
10 நவம்பர் 2025, திங்கள்

கொழும்பு அண்ணன்: சின்னம்மா, பட்ஜட்டில் சொன்னது காதில் விழுந்ததா? ஜனவரியில் இருந்து தேயிலைத் தோட்டத்தில் நாள் சம்பளம் 1350இல் இருந்து 1750 ஆகுமாம். கம்பனி 1550, மிச்சம் 200 ரூபாயை வேலைக்கு வந்ததற்காக அரசாங்கம் கொடுக்குமாம். கடையில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன் 🙏

சின்னம்மா: கேட்டேன் மகன், சந்தோஷம். ஒக்டோபர் சம்பளம் இன்றைக்குத்தான் போட்டார்கள். துண்டைப் படம் எடுத்துப் போடுகிறேன், பார்.

சின்னம்மா: 📷

நான்: 22 நாள் போயிருக்கிறீர்கள். 16 நாள் முழுச் சம்பளம், அதாவது முழுப்பேர். 6 நாள் பாதிச் சம்பளம், அரைப்பேர். ஏன் ஆறு?

சின்னம்மா: மழை. எங்கள் தோட்டத்தில் 20 கிலோ கொழுந்து எடுத்தால்தான் முழுப்பேர். ஒரு நாள் 21 கிலோ கொண்டுபோனேன். தண்ணீர், சாக்கு என்று 2 கிலோ கழித்து 19 என்று எழுதினார்கள். அரைப்பேர். அன்றைக்கு அட்டைக் கடியோடு சாயங்காலம் வரை அதே மலையில்தான் நின்றேன்.

பேராதனைத் தம்பி: கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு பேருக்கு 1350. 16 முழுப்பேருக்கு 21,600. 6 அரைப்பேருக்கு 4,050. மொத்தம் 25,650. அதில் ஓய்வுகாலச் சேமிப்பான சேமலாப நிதிக்கு 2,052, தீபாவளி முற்பணத்துக்கு 2,000 பிடித்திருக்கிறார்கள். கைக்கு வந்தது 21,598. அந்த ஆறும் முழுப்பேராக இருந்திருந்தால் இன்னொரு 4,050 சேர்ந்திருக்கும்.

சின்னம்மா: அது சின்னவளின் டியூஷன் காசும் ஒரு மூட்டை மாவும் தம்பி.

கொழும்பு அண்ணன்: சம்பளம் கூடினால் கம்பனி ஆளைக் குறைக்கும் என்று இங்கே முதலாளி சொல்கிறார். அது உண்மையா?

பேராதனைத் தம்பி: எப்போதும் அப்படி நடப்பதில்லை அண்ணா. 1992இல் அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலம் மணிக்கு 4.25 டாலராக இருந்ததை 5.05 ஆக்கியது. டேவிட் கார்டும் ஆலன் குரூகரும் அங்கேயும் பக்கத்து மாநிலத்திலும் 410 சாப்பாட்டுக் கடைகளைப் பார்த்தார்கள். வேலை குறையவில்லை. கார்டுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. சுற்றிலும் வேறு வேலை இல்லாத இடத்தில் முதலாளி வைத்ததுதான் கூலி. அங்கே சட்டம் கொஞ்சம் ஏற்றினால் ஆள் குறையத்தான் வேண்டும் என்றில்லை. நம் தோட்டம் அப்படிப்பட்ட இடம்தானே?

பெரிய மாமா: தம்பி சொல்வது சரி. ஆனால் ஆளைக் குறைக்காமலே கூலியைக் குறைக்க வழி இருக்கிறது. நான் கணக்கப்பிள்ளையாக இருந்தவன், செக்ரோல் என்கிற வேலைப் பதிவேட்டை எழுதிய கை இது. கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் போட்ட கூட்டு ஒப்பந்தம் இருந்தவரை முழுப்பேருக்கான கிலோவைக் கூட்ட வேண்டுமானால் தொழிற்சங்கத்தோடு பேச வேண்டும். 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை நாள் சம்பளம் 1000 ரூபாய் என்று அரசாங்க வர்த்தமானியில் போட்டது. அதோடு ஒப்பந்தம் போனது. அப்புறம் பல தோட்டங்களில் கிலோவை அவர்களாகவே ஏற்றினார்கள். வர்த்தமானியில் ரூபாய் இருந்தது, கிலோ இல்லை.

நான்: போன வருஷம் ஏப்ரல் 30 வர்த்தமானியில் 1700 என்று வந்தது. கொட்டகலை மேதினக் கூட்டத்தில் அப்போதைய ஜனாதிபதி சொன்னபோது பட்டாசு வெடித்தார்கள். ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. கடைசியில் செப்டம்பரில் 1350தான். இந்த முறை தீர்மானமாகும் வரை பட்டாசு வேண்டாம் அண்ணா.

பேராதனைத் தம்பி: 2019 கணக்கெடுப்பில் நாட்டில் வறுமை 14.3 வீதம். நகரத்தில் 6, கிராமத்தில் 15, தோட்டத்தில் 33.8. நாளுக்கு எத்தனை ரூபாய் என்று மட்டும் பேசினால் இந்த இடைவெளி மூடாது. மாதத்தில் எத்தனை முழுப்பேர் விழுகிறது என்பதையும் யாராவது எண்ண வேண்டும்.

சின்னம்மா: எங்கள் லயத்தில், இந்த வரிசை வீடுகளில், நாலு வீட்டுப் பெண்கள் தோட்டத்தில் பேரை விட்டுவிட்டுக் கிராமத்துத் தேயிலைக்குக் கைக்காசுக்குப் போகிறார்கள். அன்றன்றைக்குக் காசு கைக்கு வந்துவிடுகிறது. ஆனால் சேமலாப நிதி கிடையாது. 1750 வந்தாலும் அவர்களுக்கு இல்லை. அவர்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை.

பெரிய மாமா: 1984இல்தான் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் ஆக்கினார்கள். காசு ஒன்றாகிவிட்டது. ஆனால் கவ்வாத்துக்கு, தேயிலைச் செடியை வெட்டிவிடப் போகிறவன் மதியம் கத்தியைக் கழுவி வைத்துவிடுவான். கொழுந்து எடுப்பவள் அந்திக்குத்தான் கூடையை இறக்குகிறாள். அதே ஒரு பேர்தான்.

கொழும்பு அண்ணன்: இதை நான் யோசித்ததே இல்லை மாமா.

சின்னம்மா: அண்ணே, அரைப்பேர் நாளுக்கு அந்த 200 கிடைக்குமா? முழு நாளும்தானே நிற்கிறோம்.

பெரிய மாமா: அதைத்தான் சங்கத் தலைவரிடம் முதலில் கேட்க வேண்டும் தங்கச்சி. நாளைக்குக் காலையில் வேலை பிரிக்கிற பெரட்டில் நீங்கள் நாலைந்து பேர் சேர்ந்தே கேளுங்கள். வெறும் வாயால் கேட்டால் எடுபடாது. ஒவ்வொரு நாளும் நிறுத்த கிலோ, கழித்த கிலோ, போட்ட பேர், மூன்றையும் எழுதி வை. துண்டு வந்ததும் ஒத்துப் பார்க்கலாம்.

நான்: மாதக் கடைசியில் எனக்குப் படம் அனுப்புங்கள் சின்னம்மா. நான் கூட்டித் தருகிறேன். மற்றப் பெண்களுடையதையும் அனுப்பச் சொல்லுங்கள்.

சின்னம்மா: சரி. சின்னவளின் பழைய கொப்பியில் பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது. இன்றைக்கு நிறுத்தது 23, கழித்தது 2, முழுப்பேர். எழுதிவிட்டேன்.