கூடைப்பந்தில் எவ்வளவு இடிபடும்? ஆடியவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். என் மகளுக்கு 12 வயது. சைக்கிளிலிருந்து விழுந்து, தோளருகே இருக்கும் காறை எலும்பு முறிந்து, இப்போதுதான் கூடியிருக்கிறது. இன்னும் சில மாதங்களுக்கு இடித்து மோதும் ஆட்டம் எதுவும் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளோ கூடைப்பந்துதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள்.

கோச் சிரித்துக்கொண்டே, "இது என்ன ரக்பியா? தொட்டாலே ஃபவுல்" என்றார். விதிப்படி ஓரளவு சரிதான். 1891இல் கூடைப்பந்தை உருவாக்கிய நெய்ஸ்மித் எழுதிய முதல் 13 விதிகளிலேயே தோளால் இடிப்பது, பிடிப்பது, தள்ளுவது கூடாது என்று இருக்கிறது. ஆனால் நேற்று அரை மணி நேரம் ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். ரீபவுண்டுக்கு, அதாவது கூடையில் விழாமல் திரும்பி வரும் பந்துக்கு, நான்கு பேர் எம்பினார்கள். இறங்கும்போது ஒருத்தியின் முழங்கை இன்னொருத்தியின் தோளில் நச்சென்று விழுந்தது. விசில் ஊதவே இல்லை!

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் கூடைப்பந்தைக் கால்பந்தோடு சேர்த்து மோதல் உள்ள ஆட்டமாகத்தான் வகைப்படுத்துகிறது. வாலிபாலை அதைவிடக் குறைவான மோதல் உள்ளதாக வைத்திருக்கிறார்கள். நடுவில் வலை இருக்கிறதே. ஆனால் அதில் பந்தை எடுக்கத் தோள் தரையில் படப் பாய்வார்களே, அது எனக்கு இன்னும் பயம்.

இதே முறிவுக்குப் பிறகு ஆடத் திரும்பியவர்கள் இருக்கிறீர்களா? மேட்ச் இல்லாமல் ஷூட்டிங், டிரிப்ளிங் (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே போவது) மட்டும் பழக விடலாமா? அடுத்த வாரம் டாக்டரிடம் மறுபடி போகிறோம். அவரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்றும் சொல்லுங்கள். நீச்சல் என்று மட்டும் சொல்லாதீர்கள், அவளிடம் கேட்டுப் பார்த்தாகிவிட்டது.