மாருதி 800 கார்ப்பரேட்டர் வண்டி: பெட்ரோல் பம்ப் மாற்றியும் மேட்டில் நின்றுவிடுகிறது

வண்டி 1997 மாடல், அப்பா வாங்கியது. சேலத்தில் ஓட்டுகிறேன். ஒரு மாதமாக இதே தொல்லை. காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகும், ஊருக்குள் நன்றாக ஓடும், ஆனால் ஏற்காடு மலையில் நாலைந்து கொண்டை ஊசி வளைவு ஏறியதும் மூச்சு வாங்கி நின்றுவிடும். அரை மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி ஓடும்.

முதலில் பெட்ரோல் ஃபில்டர் மாற்றினேன், டேங்க் கழுவி, ஹோஸ் எல்லாம் புதிதாகப் போட்டேன், கார்ப்பரேட்டரும் கிளீன் செய்தாயிற்று. அப்புறம் இன்ஜின் ஆயிலில் பெட்ரோல் வாசனை வந்ததால், பெட்ரோல் பம்புக்குள் இருக்கும் டயாஃப்ரம் (ரப்பர் சவ்வு) கிழிந்திருக்கும் என்று மெக்கானிக் சொல்லி, போன வாரம் பம்பையே மாற்றினார், ஆயிலும் மாற்றினோம். வாசனை போய்விட்டது, நிற்பது மட்டும் போகவில்லை. கார்ப்பரேட்டர் பக்க ஹோஸைக் கழற்றி பாட்டிலில் விட்டு செல்ஃப் அடித்தால், இன்ஜின் ஆறியிருக்கும்போது பெட்ரோல் நன்றாகப் பீய்ச்சுகிறது. சூட்டில் சொட்டுகிறது, அவ்வளவுதான்.

பழைய பம்புக்கு அடியில், இன்ஜின் சூடு பம்புக்கு ஏறாமல் தடுக்கும் தடிமனான ஒரு இன்சுலேட்டர் இருந்தது. அது உடைந்துபோனதால் மெக்கானிக் வெறும் பேப்பர் கேஸ்கெட் வைத்துப் பூட்டியிருக்கிறார். எனக்கு அதன் மேல்தான் சந்தேகம்.

இந்த வண்டியில் பம்ப் மாற்றிப் பழகியவர்கள் சொல்லுங்கள்: இன்சுலேட்டர் இல்லாததுதான் காரணமா, இல்லை பம்பைத் தள்ளும் ராடு தேய்ந்திருக்குமா?